ஒட்டின சைட்டும் திருகுகிற சைட்டும்

எங்கள் கிளப்பில் இரண்டு ஏர் பிஸ்டல்கள் இருந்தன. சொந்தமாக வாங்க வசதியில்லாத எல்லாரும் அந்த இரண்டில்தான் சுட வேண்டும். புதியதில், குறி பார்ப்பதற்காகப் பின்பக்கம் இருக்கும் சைட்டை ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவரால் மேலும் கீழும், இடமும் வலமும் நகர்த்தலாம்; ஒவ்வொரு நகர்வுக்கும் 'கிளிக்' என்று ஒரு சத்தம் வரும். பழையதிலும் ஒரு காலத்தில் நகர்த்த முடிந்தது. எடுக்கிறவர் ஒவ்வொருவரும் தன் கண்ணுக்குத் தோதாகத் திருகிவிட்டுப் போவதும், மறுநாள் வருகிறவர் "யாருய்யா இதத் தொட்டது" என்று சண்டைக்கு நிற்பதுமாக இருந்தது. சலித்துப்போன செயலாளர் ஒருநாள் எபாக்சி பசையைக் குழைத்து சைட்டை அப்படியே ஒட்டிவிட்டார். அன்றைக்கு யாருடைய கண்ணுக்கு வைத்து ஒட்டினார் என்பது அவருக்கே வெளிச்சம். அதில் நான் சுடும் குண்டெல்லாம் வலப்பக்கம் தள்ளித்தான் விழும்.

நான் அரிமளம் பக்கம் ஒரு தபால் நிலையத்தில் வேலை பார்க்கிறேன். அப்போது எனக்கு நாற்பத்து மூன்று வயது. ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் புதுக்கோட்டைக்குப் போய், தகரக் கொட்டகைக்குள் நின்று பத்து மீட்டர் தூரத்து அட்டையைச் சுட்டுவிட்டு வருவேன். எதற்கு என்று கேட்டவர்களிடம் "பிடிச்சிருக்கு" என்பதற்கு மேல் எதுவும் சொன்னதில்லை. அந்த வருடம் மாநிலப் போட்டிக்கு எங்கள் கிளப்பிலிருந்து மூன்று பெண்களை அனுப்புவதாக இருந்தது. முதல் இரண்டு இடம் யாருக்கு என்பது எல்லாருக்கும் தெரியும். மூன்றாவது எனக்கு வேண்டும். இரண்டு வருடமாக நான்காவதாக நின்று மற்றவர்களுக்குக் கை தட்டியிருந்தேன். இனித் தட்டுவதாக இல்லை.

செயலாளர் ஓய்வுபெற்ற பி.டி. வாத்தியார். நல்ல மனுஷன்தான், ஆனால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டார்.

"ஏம்மா, காலேஜ் புள்ளைக வருதுங்க. அதுகளுக்கு விட்டுக்குடுக்கலாம்ல? ஒங்களுக்கு எதுக்கு இம்புட்டு அலைச்சல்?"

"நான் ஏன் சார் விட்டுக்குடுக்கணும்? அதுக சுட்டு எடுத்துக்கிறட்டும்" என்றேன். அவர் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆனால் என் லட்சணமும் அப்படித்தான் இருந்தது. குண்டு கீழே இடப்பக்கம் போய் விழும். உடனே சைட்டை மேலே இரண்டு கிளிக், வலப்பக்கம் இரண்டு கிளிக் திருப்புவேன். அடுத்ததைத் தப்பித்தவறி ஒழுங்காகச் சுட்டுவிட்டால் அது மேலே வலப்பக்கம் போய் உட்காரும். மறுபடி எதிர்ப்பக்கம் திருப்புவேன். மாலைக்குள் சைட் எங்கே நிற்கிறது என்று அதைச் செய்த கம்பெனிக்காரனுக்கே தெரியாது. திரும்பி வரும் பஸ்ஸில் பிஸ்டலைத் திட்டிக்கொண்டே வருவேன்.

மணமேல்குடிக்காரப் பெண் ஒருத்தி, ஆயுதப்படைக் காவலர், லீவு கிடைக்கும் ஞாயிறுகளில் பழக வருவாள். பக்கத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தவள் ஒருநாள் என் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைப் பிடுங்கினாள்.

"ஏக்கா, சுடுறதவிட திருகுறதுதான் நெறைய இருக்கு. எங்க டூட்டித் துப்பாக்கியில திருக ஒன்னுமே கெடையாது. சைட்டு வச்சது வச்சதுதான். குறி தப்புனா அது நாந்தான்."

"அப்ப என் தப்புங்கிறியா?"

"ஆபீஸ்ல என்ன வேல பாக்குறீங்க?"

"என்னென்னமோ. நெறைய முத்திரை குத்துறேன்."

"அதத்தான் இங்கயும் பண்றீங்க."

அன்று அவளிடம் நான் சரியாகப் பேசவில்லை. மறுநாள் அலுவலகத்தில் முத்திரையைக் கையில் எடுத்தபோது என் கையை நானே வேவு பார்த்தேன். ஐந்து விரலும் ஒரே நேரத்தில் இறுகின, மணிக்கட்டு சடக்கென்று கீழே இறங்கியது. ட்ரிக்கரை ஒரு விரல் மட்டும் இழுக்க வேண்டும். நானோ இருபது வருடப் பழக்கத்தில் மொத்தக் கையாலும் குத்திக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது. இத்தனை நாள் ஒரு திருகாணியின் மீது பழியைப் போட்டிருக்கிறேனே என்று என் மீதே ஆத்திரமும் வந்தது.

அடுத்த ஞாயிறு ஒட்டின பிஸ்டலை எடுத்தேன். "அதுல சுட்டா செவுத்துலதான் படும்" என்று கேலி செய்தார்கள். செய்யட்டும். மூன்று மாதம் அதைத் தவிர வேறெதையும் நான் தொடவில்லை. தினமும் சாயங்காலம் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கை நீட்டிப் பிடித்துக்கொண்டு, ஆள்காட்டி விரலை மட்டும் மடக்கிப் பழகினேன். முத்திரையை இடது கைக்கு மாற்றினேன். அது கோணல்மாணலாக விழுந்து போஸ்ட்மாஸ்டர் முறைத்தார். தேதி தெளிவாக இருக்கிறதா இல்லையா, பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். முதல் மாதம் அட்டை முழுக்க ஓட்டை. மூன்றாவது மாதம் பத்துக் குண்டும் ஓர் எலுமிச்சம்பழம் மறைக்கிற இடத்துக்குள் விழுந்தன. என்ன, எலுமிச்சம்பழம் நடுவில் இல்லை, வலப்பக்கம் இருந்தது.

மாநிலப் போட்டிக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் நாளன்று செயலாளர் ஒட்டின பிஸ்டலை எடுத்து நீட்டினார்.

"இந்தாங்கம்மா, ஒங்க ராசித் துப்பாக்கி."

"வேணாம் சார். புதுசக் குடுங்க."

"இத்தன நாளு இதுலதானேம்மா சுட்டீங்க? இப்பப் போயி மாத்துறீங்க?"

ராசியாவது ஒன்றாவது. ஒட்டின சைட் என் கையின் யோக்கியதையைக் காட்டிக்கொடுத்தது, அதோடு அதன் வேலை முடிந்தது. வலப்பக்கம் விழுகிற குண்டுக்கு யாரும் பத்துப் புள்ளி போடமாட்டார்கள். இப்போது எனக்குத் திருக வேண்டும், ஒரே ஒரு தடவை.

கணக்கில் சேராத சோதனைக் குண்டுகளுக்குத் தனி நேரம் கொடுப்பார்கள். சைட்டைத் தொடாமல் ஐந்து சுட்டேன். ஐந்தும் மேலே இடப்பக்கம் ஒன்றையொன்று ஒட்டி விழுந்தன. கீழே மூன்று, வலப்பக்கம் நாலு கிளிக் திருப்பினேன். இன்னும் ஐந்து சுட்டுப் பார்த்தேன். நடுவில் இருந்தன. ஸ்க்ரூடிரைவரைக் கைப்பையில் போட்டு ஜிப்பை மூடினேன்.

அறுபது குண்டு. இருபத்து மூன்றாவது கீழே இடப்பக்கம் போய் ஆறு புள்ளி வட்டத்தில் விழுந்தது. கை தானாகப் பையை நோக்கிப் போயிற்று. திருகினால் அந்த ஆறு என்னுடையது இல்லை என்று ஆகிவிடும். அந்த ஆசை எவ்வளவு பெரியது என்று சுட்டவர்களுக்குத்தான் தெரியும். பிஸ்டலைக் கீழே வைத்தேன், உள்ளங்கையைச் சேலையில் துடைத்தேன். குத்தினது நான்தான் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு மறுபடி எடுத்தேன்.

பக்கத்து இடத்தில் ஒரு கல்லூரிப் பெண். அப்பா வாங்கிக் கொடுத்த சொந்தப் பிஸ்டல். மூன்றாவது இடத்துக்கு அவள்தான் எனக்குப் போட்டி. ஒவ்வொரு குண்டுக்குப் பிறகும் அவள் சைட்டைத் திருகும் சத்தம் என் காதில் விழுந்தது. போட்டி நடக்கும்போது பேசக்கூடாது என்பது விதி. விதி இல்லாவிட்டாலும் நான் பேசியிருக்கமாட்டேன். அந்தச் சத்தம் கேட்கக் கேட்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

மூன்று புள்ளி வித்தியாசத்தில் நான் மூன்றாவது. செயலாளர் பட்டியலும் பேனாவுமாக என்னிடம் வந்தார்.

"ஏம்மா, அம்புட்டு தூரம் போயி மூணு நாளு தங்கணும். வீட்ல ஒரு வார்த்த கேட்டுட்டுச் சொல்றீங்களா? இல்லன்னா அந்தப் பாப்பா பேர எழுதிக்கிறவா?"

"என் பேர எழுதுங்க சார்."

"இல்லம்மா, ஒரு வார்த்த கேட்டுக்கிட்டு..."

"எழுதுங்க."

எழுதினார். பக்கத்திலேயே நின்று பார்த்தேன். இனிஷியலை விட்டுவிட்டிருந்தார். அதையும் போடச் சொன்னேன்.