திருட்டுத்தனமாகக் கற்ற பாடம்

புது டீச்சரை முதல் தடவை பார்ப்பவர்கள், "உங்க டீச்சர் எங்கம்மா?" என்று அவளிடமே கேட்பார்கள். ஆள் அப்படி ஒரு பொடிசு. ஆனால் வாய்? அப்பப்பா! பள்ளிக்கூடம் என்றால் ஒரே ஒரு கூடம். அதில் ஐந்து வகுப்பு. மூலை நாலுதானே இருக்கிறது? அதனால் மூன்றாம் வகுப்பு நட்டநடுவில்.

ஒரு வகுப்புப் பாடத்தை இன்னொரு வகுப்பு ஒட்டுக்கேட்பதுதான் அவளுக்குப் பெரிய தலைவலி. ஐந்தாம் வகுப்புக்கு இதயத்தைப் படம் போட்டு விளக்கினால், ஒன்றாம் வகுப்பு வாண்டுகள் வாயைப் பிளந்து பார்க்கும். "இது உங்களுக்கில்ல, திரும்புங்க!" என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனதுதான் மிச்சம்.

அன்றைக்குக் கல்வி அதிகாரி வந்தார். அவர் சரி என்றால் வேலை நிரந்தரம். இல்லையா, மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். அப்பா வேறு, "போய்ட்டு வா, கடையில உன் நாற்காலி காலியாவே இருக்கும்" என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார். அந்த நாற்காலியில் திரும்பிப் போய் உட்கார அவளுக்குத் துளியும் இஷ்டமில்லை.

அதிகாரி நேராக ஐந்தாம் வகுப்பிடம் போனார். "இதயத்துல எத்தனை அறை இருக்கு?"

வளர்ந்து நின்ற அத்தனையும் திருதிருவென்று விழித்தன. டீச்சருக்கு உயிரே போய்விட்டது.

"நாலு!" என்று ஒன்றாம் வகுப்பு மூலையிலிருந்து ஒரே கூச்சல்.

"ரத்தத்தைச் சுத்தம் பண்றது எது?"

"சிறுநீரகம்!" என்றாள் முன்பல் இல்லாத ஒரு வாண்டு, எச்சில் தெறிக்க.

அதிகாரி அசந்துபோய் அவளிடம் குனிந்தார். "அடி கெட்டிக்காரி! சரி, மூணும் ரெண்டும் எவ்வளவு?"

அவள் கூரையைப் பார்த்தாள். சொந்தப் பாடமாயிற்றே, எங்கே தெரியப்போகிறது!

"அஞ்சு சார்!" என்று முழங்கியது ஐந்தாம் வகுப்பு.

"யாரு இந்த மாதிரி சொல்லிக்கொடுத்தது?" அதிகாரி டீச்சர் பக்கம் திரும்பினார்.

புது முறை என்று புளுகியிருக்கலாம். பாழாய்ப்போன வாய் விட்டால்தானே! "நான் ஒழுங்காத்தான் சொல்லிக்கொடுத்தேன் சார். எதைக் கவனிக்காதேன்னு திட்டினேனோ, அதை மட்டும் படிச்சிருக்குதுங்க" என்றாள், அழாத குறையாக.

அதிகாரிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அப்ப நல்லாத் திட்டுங்கம்மா. வேலை உங்களுக்குத்தான்."

அவர் வண்டி தெருமுனை தாண்டியதும் அவள் விக்கி விக்கி அழுதாள், சந்தோஷத்தில்தான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒன்றாம் வகுப்பு மூலைக்குப் போய்ப் பலகையில் பெரிதாக ஒரு நுரையீரலை வரைந்தாள்.

"இது குட்டிப் பசங்களுக்கு மட்டும்! அஞ்சாம் வகுப்பு யாராவது இந்தப் பக்கம் திரும்பினீங்க, தோலை உரிச்சிடுவேன்!"

ஐந்தாம் வகுப்பு மொத்தமும் திரும்பிப் பார்த்தது.