அமரர் ஊர்திக்கு வந்த கோளாறு

நகராட்சி அமரர் ஊர்திக்கு நேற்றுதான் புது செல்ஃப் மோட்டார் மாட்டினேன். எப்படி ஓடுகிறது என்று பார்க்க இன்று டிரைவரோடு நானும் போனேன்.

துக்க வீட்டில் உடலை ஏற்றியாகிவிட்டது.

இறந்தவரின் அண்ணன், "இருட்டப் போகுது, எடுப்பா" என்று அவசரப்படுத்தினார்.

இறந்தவரின் மனைவி என்னிடம் வந்தார். "எம் மக ஏலத்தோட்டத்துலருந்து ஜீப்புல வந்துக்கிட்டிருக்காய்யா. உத்தமபாளையம் தாண்டிட்டாளாம். செத்த பொறுங்கன்னா யாரும் கேக்க மாட்டேங்கிறாக."

டிரைவர் சாவியைத் திருகப் போனார். நான் அவர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, இறங்கி பானெட்டைத் திறந்தேன்.

"செல்ஃப் மக்கர் பண்ணுது. கொஞ்ச நேரமாகும்" என்றேன்.

டிரைவர் என்னைப் பார்த்தார். பிறகு ஸ்பேனரை எடுத்து நீட்டினார்.

"செத்த பெறகும் மனுசன் நிம்மதியாப் போக முடியல, என்னத்த வண்டி வச்சிருக்காக" என்று அண்ணன் திட்டினார். நான் இறுக்கிய போல்ட்டையே கழற்றி மறுபடி இறுக்கினேன்.

ஜீப் வந்தது. மகள் அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுது முடிக்கும்வரை என் ரிப்பேர் முடியவில்லை.

பிறகு வண்டி ஒரே திருகலில் கிளம்பியது.

செல்ஃப் மோட்டார் மாட்டத் தெரியாதவன் என்று நாளை டீக்கடையில் யாராவது என்னைச் சொன்னால், நீங்களும் ஆமாம் என்றே சொல்லுங்கள்.