எங்கே நிறுத்துவது என்று கேட்ட ரேணுகா மேடம்

ரேணுகா மேடம் போன புதன்கிழமை காலை இறந்துபோனார். சென்னை ரயிலுக்குக் கிளம்பி, வாசலில் செருப்பு மாட்டும்போது மயங்கி விழுந்திருக்கிறார். மருத்துவமனை போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. அவரிடம் படித்தவர்களும், திருத்தணியிலிருந்து அவரோடு தினமும் ரயிலில் போய்வந்தவர்களும் சேர்ந்து ஒரு நினைவு மலர் போடுகிறார்களாம். நீயும் எழுது என்றார்கள். நான் துணி வியாபாரி. பில்லைத் தவிர வேறெதுவும் எழுதிப் பழக்கமில்லை. மூன்று தடவை உட்கார்ந்தேன், மூன்று தடவையும் எழுந்துபோய்த் தெருவைப் பார்த்துவிட்டு வந்தேன். இது நான்காவது தடவை.

செய்தி வந்தபோது நான் பள்ளிப்பட்டில் என் அக்கா வீட்டுத் தறிக்கொட்டகையில் நின்றிருந்தேன். விசைத்தறி ஓடுகிற இடத்தில் போன் பேச முடியாது. யாரோ ‘மேடம், மேடம்’ என்பது மட்டும் காதில் விழுந்தது. நான் கையைக் காட்ட, அக்கா வீட்டுக்காரர், எங்கள் பாவா, மோட்டாரை நிறுத்தினார். நிறுத்திய பிறகும் தறி நாலு இழை ஓடித்தான் நின்றது. அதற்குப் பிறகுதான் முழுதாகக் கேட்டது.

அன்றைக்கு நான் அங்கே துணி எடுக்கப் போகவில்லை. என் மகள் நந்தினிக்கும் அக்கா மகன் தாமோதரனுக்கும் தட்டு மாற்றி நிச்சயம் செய்திருந்தோம். அந்தக் கல்யாணத்தை நடத்துவதா, நிறுத்துவதா என்று பேசப் போயிருந்தேன். பேசி முடித்ததும் முதல் போன் மேடத்துக்குத்தான் என்று பஸ்ஸிலேயே முடிவு செய்து வைத்திருந்தேன். அந்தப் போனைப் பண்ண முடியாமல் போனதால்தான் இதை எழுதுகிறேன்.

மேடத்தைத் தெரிந்தது ஒரு சண்டையில். பதினைந்து வருஷத்துக்கு முன்னால், சென்னையில் சொந்தக் கடை வைப்பதற்கு முந்தி, லுங்கி மூட்டையோடு நானே காலை ரயிலில் போவேன். ஆடிக் கிருத்திகை நேரம். காவடி எடுத்து வந்து திரும்புகிற கூட்டத்தில் பெட்டிக்குள் கால் வைக்க இடமில்லை. ஒரு அம்மா என் மூட்டை மேல் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். சரக்கு மேல் ஆள் உட்கார்ந்தால் விற்காது என்று எங்களுக்குள் ஒரு பேச்சு உண்டு. எழுந்திருங்கள் என்றேன். அவர் பேனாவை மூடக்கூட இல்லை. “நான் உக்காந்து விக்கலைன்னா நாளைக்கு வந்து சொல்லுங்க. அது வரைக்கும் எழுந்திருக்க மாட்டேன்” என்றார். அன்றைக்கு மதியத்துக்குள் மூட்டை காலி. மறுநாள் நானே போய், மேடம், கொஞ்சம் உட்காருங்கள் என்றேன். அன்றிலிருந்து என்னை ‘முதலாளி’ என்று கூப்பிட ஆரம்பித்தார். அது கிண்டல் என்று எனக்குத் தெரியும். அப்போது எனக்குக் கீழே வேலைக்கு ஒரு ஆள்கூடக் கிடையாது.

என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். உயிருள்ள செல்லுக்குள் ஒரு மெஷின் இருக்கிறது, ஜீனைப் பார்த்து நகல் எழுதிக்கொண்டே போகும், எங்கே நிறுத்த வேண்டும் என்று அதற்கு எப்படித் தெரிகிறது என்று பார்ப்பதுதான் என் வேலை என்றார். நான் வெளிப்படையாகவே கேட்டேன்: அது நின்றால் என்ன, நிற்காவிட்டால் என்ன, இதற்கா சம்பளம் கொடுக்கிறார்கள்? மேடம் கோபித்துக்கொள்ளவில்லை. “உங்க தறி ஒரு லுங்கி முடிஞ்சது தெரியாம அடுத்த லுங்கி டிசைன்ல போய் நெய்துகினே இருந்தா வாங்குவீங்களா?” என்றார். மாட்டேன் என்றேன். “அப்ப எனக்குச் சம்பளம் குடுக்கலாம்.”

மூட்டையிலிருந்து ஒரு நூலை உருவி வைத்துக்கொண்டுதான் விளக்குவார். பாக்டீரியாவில் இரண்டு வழி. எழுதி வெளியே வருகிற இழை, ஒரு இடத்தில் தன் மேலேயே கொண்டை ஊசி மாதிரி மடிந்துகொள்ளும். மெஷின் தயங்கும். சரியாக அந்த இடத்தில் இழைக்கும் அதன் மூலமான ஜீனுக்கும் பிடிப்பு மிக லேசாக இருக்கும், அதனால் இழை கழன்று விழுந்துவிடும். இது ஒன்று. இன்னொன்றில், மோதிரம் மாதிரி ஒரு புரதம் வந்து இழையைப் பிடித்துக்கொண்டு, அதன் வழியாகவே ஏறிப் போய் மெஷினைப் பிடித்து, இழையை உருவி எடுத்துவிடும்.

நம் உடம்பில் நடப்பது இதைவிடக் குழப்பம் என்பார். ‘இங்கே முடி’ என்று ஆறு எழுத்தில் ஒரு குறி இருக்கும். மெஷின் அதையும் எழுதிவிட்டு நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். கூடவே வருகிற ஆட்கள்தான் இழையில் அந்தக் குறியைப் பார்த்து, கொஞ்சம் தள்ளி வெட்டுவார்கள். வெட்டிய துண்டுக்கு ஒரு வால் போட்டு வேலைக்கு அனுப்பிவிடுவார்கள். மெஷின் அது தெரியாமல் இன்னும் எழுதும். அப்போது வெட்டுப்பட்ட முனையிலிருந்து ஒருத்தன் மீதி இழையைத் தின்றுகொண்டே துரத்துவான். எட்டிப் பிடித்து மோதினதும்தான் மெஷின் கழன்று விழும். “சிலபேர் துரத்தறதாலதான் நிக்குதுன்றாங்க. சிலபேர் குறியைத் தாண்டினதுமே மெஷினோட பிடி தளர்ந்துடுதுன்றாங்க. எனக்கு என்னமோ ரெண்டும் சேர்ந்துதான்னு தோணுது முதலாளி. முப்பது வருஷம் பாத்தும் கை வெச்சி சத்தியம் பண்ண முடியல.” இப்படிச் சொல்லக்கூடிய ஆளை எங்கள் மார்க்கெட்டில் நான் பார்த்ததில்லை. தெரியாததையும் அடித்துச் சொல்லி விற்பதுதான் எங்களுக்கு வழக்கம்.

நிச்சயம் முடிந்த வாரம் இனிப்புப் பெட்டியோடு ரயில் ஏறினேன். பெண் கொஞ்சம் வெளிறிப்போய் இருக்கிறாள், கல்யாணத்துக்குள் தேற்ற வேண்டும், நாலு வருஷமாக இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டும் ரத்தம் ஏறவில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னேன். மேடம் கையிலிருந்த இனிப்பைக் கீழே வைத்தார். பெண்ணுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை எடுங்கள் என்றார். சொந்தத்தில் கட்டுகிறீர்கள், பையனுக்கும் எடுங்கள் என்றார். தட்டு மாற்றிய பிறகு பெண்ணை டாக்டரிடம் கூட்டிப்போனாலே எங்கள் பக்கம் ஊர் முழுக்கப் பேசும். சுற்றி இருந்தவர்கள் வேறு காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. மறுநாளிலிருந்து வேறு பெட்டியில் ஏறினேன். ஒரு மாதம் அப்படியே போனேன். பிளாட்பாரத்தில் பார்த்தால் அவர் கையை ஆட்டுவார், நான் கே.ஜி.கண்டிகை பஸ்ஸைத் தேடுகிறவன் மாதிரி ரோட்டைப் பார்ப்பேன்.

ஆனால் மனம் நிற்கவில்லை. அரக்கோணத்தில் தெரிந்தவர் யாரும் இல்லாத ஒரு லேபாகப் பார்த்து நந்தினியைக் கூட்டிப்போனேன். பையனுக்கு எடுக்கவில்லை, அக்காவிடம் மூச்சு விடவில்லை. காகிதம் வந்தது. அதை எடுத்துக்கொண்டு பழைய பெட்டிக்கே போய் மேடத்திடம் நீட்டினேன். இவளுக்கு நோய் கிடையாது, தலசீமியா என்கிற ரத்தக்குறையைச் சுமக்கிறவள், அவ்வளவுதான், ஆயுசுக்கும் நன்றாக இருப்பாள் என்றார். அந்த மாத்திரை வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள் என்றார். கட்டுகிறவனும் சுமக்கிறவனாக இருந்தால்தான் பிறக்கிற குழந்தைக்குச் சிக்கல். சில குழந்தைக்கு லேசாகப் போகும், சில குழந்தைக்கு ஆயுள் முழுக்க ரத்தம் ஏற்ற வேண்டிவரும்.

அப்போது நான் கேட்டதை மறைக்காமல் எழுதுகிறேன். “இவளுக்கு நோய் இல்லைல்ல மேடம்? அப்ப அவங்களுக்குச் சொல்லாம விட்டுட்டா என்ன?”

பழுது விழுந்த லுங்கியை, பழுது உள்பக்கம் போகிற மாதிரி மடித்து, நடுக்கட்டில் வைத்து விற்பேன் என்று ஒருகாலத்தில் மேடத்திடமே பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். “பொண்ணையும் மடிச்சிக் குடுக்கப் போறீங்களா முதலாளி?” என்றார். குரலை உயர்த்தவில்லை. பக்கத்தில் இருந்தவருக்குக்கூடக் கேட்டிருக்காது. இன்றைக்கும் கடையில் துணி மடிக்கும்போது அது கேட்கிறது.

பிறகு அவரே தெரிந்த ஒரு ஆய்வுக்கூடத்தில் நந்தினியின் ரத்தத்தைக் கொடுத்து ஜீனைப் படிக்க வைத்தார். முடிவு வந்த அன்று ரயிலில் மேடத்தால் உட்கார முடியவில்லை. கதவோரம் போவார், வருவார். ரத்தத்துக்கான ஜீனில், அந்த ஆறு எழுத்துக் குறியில், ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தது. வெட்ட வேண்டிய ஆட்களுக்குக் குறி தெரியவில்லை. இழை நீளமாகப் போய்விடுகிறது, அப்படி நீண்ட இழை தங்குவதில்லை, அதனால் ரத்தத்தில் இருக்க வேண்டிய புரதம் குறைகிறது. ரொம்ப அபூர்வம் என்றார். “முப்பது வருஷமா கண்ணாடிக் குழாய்ல தேடிகினு இருந்தேன். அது உங்க மூட்டைக்குப் பக்கத்துலயே வந்துகினு இருந்திருக்கு” என்றார். சொல்லிவிட்டு, இதில் சந்தோஷப்பட ஒன்றுமில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார். எனக்கு அந்த மன்னிப்பு எதற்கென்று புரிய இரண்டு நாள் ஆனது.

மாறிய அந்த எழுத்து யார் பக்கத்திலிருந்து வந்தது என்று பார்க்க நானும் ரத்தம் கொடுத்தேன். என் பக்கம்தான். அப்படியானால் அக்காவுக்கும் இருக்கலாம், தாமோதரனுக்கும் இருக்கலாம். இனிமேல் மறைக்க முடியாது. தனியாகப் போக எனக்குத் தைரியம் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மேடம் என்னோடு பள்ளிப்பட்டு பஸ்ஸில் வந்தார். அக்கா முதலில் சீறினாள். என் வீட்டுக்கு வரப்போகிற பெண்ணுக்குக் குறை என்று தம்பியே வந்து சொல்வதா என்றாள். மேடம் தெலுங்கும் தமிழும் கலந்து, கொட்டகையில் கிடந்த நூலை எடுத்து மடித்துக் காட்டி, இரண்டு பேருக்கும் இருந்தால் நாலு குழந்தையில் ஒன்றுக்கு நோய் வரலாம் என்று சொன்னார். பாவா பாதியிலேயே புரிந்துகொண்டு தறி பக்கம் போய்விட்டார். தாமோதரன் மட்டும் ஒரு கேள்வி கேட்டான்: “நாலுல ஒண்ணுதானே மேடம்? மூணு நல்லாத்தானே இருக்கும்?”

“ஒவ்வொரு தடவையும் புதுசா நாலுல ஒண்ணுப்பா. முதல் குழந்தைக்கு வந்துட்டா, அடுத்த மூணு தப்பிச்சிக்கும்னு அர்த்தம் இல்ல.”

அவன் சட்டைக் கையை மடித்துவிட்டான். அந்த வாரமே ரத்தம் கொடுத்தான். கட்டாதே என்று மேடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை, இதையும் எழுத வேண்டும். கட்டிக்கொண்டு, கர்ப்பத்திலேயே பரிசோதனை செய்து பார்க்கிற வழியும் இருக்கிறது என்று நந்தினியிடமும் தாமோதரனிடமும் தனித்தனியாகச் சொன்னார். திரும்பும்போது பஸ்ஸில் நான்தான் வற்புறுத்தினேன், நீங்களே ஒன்று சொல்லிவிடுங்கள் என்று. “எங்க நிக்கணும்னு மெஷினுக்கே நான் சொன்னது கிடையாது. எங்க நிக்குதுன்னு பாக்கறதுதான் என் வேலை” என்றார். அப்போது அது எனக்குப் பிடிக்கவில்லை. இப்போதும் முழுக்கப் பிடிக்கவில்லை. ஆனால் அவர் அப்படித்தான்.

தாமோதரனுக்கும் இருக்கிறது என்று செவ்வாய்க்கிழமை தெரிந்தது. அன்று மாலையே மேடத்துக்குச் சொன்னேன். “ஆங்” என்றார். நாளைக்குப் பேசப் போகிறேன் என்றேன். பேசிவிட்டுச் சொல்லுங்கள் என்றார். அதுதான் கடைசி.

மறுநாள் கொட்டகையில், தறி நின்ற பிறகு, மேடம் போன செய்தியை நான் சொன்னேன். கல்யாணப் பேச்சைத் தாமோதரன்தான் ஆரம்பித்தான். நந்தினியும் தானும் நேற்றே போனில் பேசிவிட்டதாகவும், வேண்டாம் என்று இரண்டு பேருமே முடிவெடுத்துவிட்டதாகவும் சொன்னான். அக்கா அழுதாள். அழுது முடித்ததும், ஜாதகம் சரியில்லை என்று சொல்லிவிடலாம், ஊர் வாயை மூடிவிடும் என்றாள். எனக்கும் அதுதான் சுலபமாகப் பட்டது, தலையைக்கூட ஆட்டிவிட்டேன். “மாமா, அந்தம்மா செத்த நாள்லயேவா?” என்றான் தாமோதரன். நான் தலையாட்டுவதை நிறுத்தினேன்.

நந்தினி வீட்டில் இப்போது அதிகம் பேசுவதில்லை. வேலைக்குப் போகிறாள், வருகிறாள். சரியாகத்தான் செய்தோமா என்று எனக்குத் தினமும் ஒருதரம் தோன்றுகிறது. ரயிலில் மேடம் உட்காருகிற ஜன்னல் சீட்டில் வேறு யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். நான் பெட்டிக்குள் அங்கும் இங்கும் நடந்துகொண்டிருக்கிறேன். அவரிடமிருந்து நான் எடுத்துவைத்துக்கொண்டது ஒன்றுதான். இந்த வாரத்திலிருந்து என் கடையில் எந்தத் துணியையும் முழுக்கப் பிரித்துக் காட்டித்தான் கொடுக்கிறேன். பழுது இருந்தால் விரலை வைத்துக் காட்டுகிறேன்.

அன்று பள்ளிப்பட்டில் பேசி முடிந்தது இது. மாற்றிய தட்டை இரண்டு பக்கமும் திருப்பிக்கொள்வது. கல்யாணம் ஏன் நின்றது என்று யார் கேட்டாலும், இரண்டு பேர் ரத்தத்திலும் ஒரே குறை இருக்கிறது என்று சொல்வது. ஜாதகத்தை இழுக்கக் கூடாது. அக்கா வீட்டுத் துணி எப்போதும் போல என் கடைக்கு வரும். இனிமேல் நந்தினிக்கோ தாமோதரனுக்கோ எந்த வீட்டோடு பேசினாலும், வெற்றிலை பாக்கு வைக்கிற அதே தட்டில் ரத்தப் பரிசோதனைக் காகிதத்தையும் பிரித்து வைக்க வேண்டும். எதிர்வீட்டுக் காகிதமும் வந்து, இரண்டையும் படித்த பிறகுதான் தட்டு கை மாறும்.