கழுத்து வைத்தியமும் வேதபாடமும்

ஒன்பது வயதாகியும் எனக்கு வாசிக்க வராததற்குக் காரணம் என் கழுத்தில் இருப்பதாக, சேலையூரில் மருந்துக்கடை மாடியில் இருந்த ஒரு டாக்டர் கண்டுபிடித்தார். மேல் எலும்பு ஒன்று விலகியிருக்கிறதாம், அதனால் மூளையின் ஒரு பக்கம் தூங்குகிறதாம். அம்மா பள்ளிக்கூட டீச்சர். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் அ, ஆ சொல்லிக் கொடுத்தவருக்குச் சொந்த மகள் ஒரு வரி வாசிக்கத் திணறியது பெரிய தலைக்குனிவு. கோளாறு எலும்பில்தான் என்று கேட்டதும் அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

சனிக்கிழமைதோறும் அப்பா என்னை ஸ்கூட்டரில் அழைத்துப் போவார். தாம்பரம் ரயில்வே பணிமனையில் ஃபிட்டர் அவர். முதல் நாள் நீட்டிய படிவத்தை அப்படியும் இப்படியும் பார்த்துவிட்டு, "கண்ணாடி எடுத்தாரல சார், நீங்களே எழுதிக்கோங்க" என்று திருப்பிக் கொடுத்தார். டாக்டர் என் தாடையைப் பிடித்து வெடுக்கென்று திருப்புவார். உள்ளே மளுக்கென்று சத்தம் கேட்கும். பிறகு மூளையை எழுப்ப, தலையணைமேல் ஒற்றைக்காலில் நின்று காற்றில் படுத்த எட்டு போட வேண்டும். எட்டு எனக்கு விளையாட்டு. அந்தச் சத்தத்துக்குப் பயந்து வெள்ளிக்கிழமை இரவே கழுத்தைப் போர்வைக்குள் இழுத்துக்கொள்வேன்.

குணமாகிவிட்டால் விட்டுவிடுவார்கள் என்று கணக்குப் போட்டேன். எங்கள் சபையில் சிறுவர் ஞாயிறன்று பிள்ளைகள்தான் வேதபாடம் வாசிப்பார்கள். வைத்தியத்தை நம்பி அம்மா என் பெயரைக் கொடுத்திருந்தார். அக்காவை வாசிக்கச் சொல்லி, ஒரு வாரம் கேட்டுக் கேட்டே அந்தச் சங்கீதத்தை மனப்பாடம் செய்தேன்.

அன்று மைக் எனக்கு எட்டவில்லை. அப்பா எழுந்து வந்து அதைக் கழற்றி என் வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டார். பாதியில் மின்விசிறிக் காற்றில் வேதாகமத்தின் பக்கம் புரண்டுவிட்டது. நான் அம்மாவைப் பார்த்தபடி ஒப்பித்துக்கொண்டே போனேன். அப்பா பக்கத்தைப் பழையபடி திருப்பி வைத்தார். பிறகு என் விரலைப் பிடித்து வரிமேல் வைத்து மெதுவாக நகர்த்தினார். வரி முடிந்ததும் அடுத்த வரிக்கு இறக்கினார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா ஆனந்தத்தில் அழுதார். "இன்னும் பத்து சிட்டிங் போனா இங்கிலீஷும் வந்துடும்" என்றார். கிறிஸ்தவ வீடானாலும் பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது.

அம்மாவை அப்பா 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுவார். அம்மாவை எதிர்த்து அவர் பேசி நான் கேட்டதில்லை. அன்று பேசினார்.

"போதும் டீச்சர். அவ கழுத்துல ஒண்ணும் இல்ல. இனிமே நான் இட்டுகினு போவ மாட்டேன்."

"படிப்பப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?"

அப்பா ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். கடைக்குப் போகும் வழியில் பின்னால் இருந்த எனக்கு மட்டும் கேட்கும்படி, "மனப்பாடம் பண்ணா தப்பில்லம்மா. ஆனா வெரல நிறுத்தாத. எல்லாரும் வெரலத்தான் பாப்பாங்க" என்றார். மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தேன். அவர் திட்டவில்லை. அதற்குமேல் எனக்கு ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை.

மறுபடி அந்த மாடிப்படி ஏறவில்லை. வாசிப்பு பின்னால், வேறொரு டீச்சரின் பொறுமையில், ஒவ்வொரு ஒலியாக வந்தது.

அந்தச் சிறுவர் ஞாயிறு சாயங்காலம் குடும்ப ஜெபத்தில் வேதம் வாசிப்பது அப்பாவின் முறை. வழக்கமாக அவர் வாசிக்கும் அதே சங்கீதம். வேறு எதையும் அவர் வாசித்து நான் கேட்டதே இல்லை. கண்ணாடி போடவில்லை. விரல் மட்டும் வரிமேல் நிற்காமல் நகர்ந்துகொண்டிருந்தது. அப்பாவுக்குத்தான் எவ்வளவு சுலபமாக வாசிக்க வருகிறது என்று, பக்கத்தில் உட்கார்ந்து நான் பொறாமைப்பட்டேன்.