பரிமளா மூடிய கோழிக்கடை

விராலிமலைப் பக்கம் கோழிக்கடை வைத்திருந்த அழகுமலைக்குக் காய்ச்சல் கண்டு மூச்சு இரைக்கத் தொடங்கியதும், ஊர் அவன் கடையைத்தான் கைகாட்டியது. கோழியிலிருந்து என்னவோ தொற்றிவிட்டது என்றார்கள். மனைவி பரிமளாவும் அப்படித்தான் நம்பினாள்.

திருச்சி ஆஸ்பத்திரியில் பறவைக் காய்ச்சலுக்குப் பார்த்தார்கள், கொரோனாவுக்குப் பார்த்தார்கள், காசநோய்க்கும் பார்த்தார்கள். எதுவுமில்லை. எக்ஸ்ரேயில் நுரையீரல் மட்டும் வெளுத்துக்கொண்டே வந்தது.

"இதுவா அதுவான்னு தனித்தனியா தேடிப் பாத்துட்டோம்மா," என்றார் டாக்டர் ஆத்மநாதன். "இனி நுரையீரல்ல இருந்து நீர் எடுத்துச் சென்னைக்கு அனுப்பணும். அதுல எந்தக் கிருமி இருந்தாலும் அதோட மரபணுவ வச்சுக் கண்டுபிடிச்சிருவாங்க. ஆனா நாளாகும்."

"அதுவரைக்கும் தாங்குவாராங்க?"

அவர் சம்மதப் படிவத்தை அவள் பக்கம் நகர்த்தினார். பரிமளா சம்மதித்தாள்.

முடிவு வருவதற்குள் அழகுமலை போய்விட்டான். துக்கத்துக்கு வந்தவர்கள்கூட வீட்டில் தண்ணீர் குடிக்கத் தயங்கினார்கள்.

காரியம் முடிந்தபின் டாக்டர் போனில் கூப்பிட்டார். "கோழிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. அடினோன்னு ஒரு வைரஸ். மனுசருக்கு மனுசர் பரவுறது. பெரும்பாலும் சளி, காய்ச்சல், கண் செவப்போட போயிரும். எப்பவாச்சும் ஒருத்தர இப்படி அடிச்சுப் போட்டுரும். வீட்டுல யாருக்காச்சும் கண்ணு செவந்து காய்ச்சல் இருந்துச்சா?"

அவனுக்குக் காய்ச்சல் காண்பதற்குச் சில நாள் முன்பு மகள் அன்புமொழி பள்ளிக்கூடத்திலிருந்து சிவந்த கண்ணோடு வந்து படுத்ததும், அழகுமலை அவள் தலையை மார்பில் சாய்த்துக் கஞ்சி புகட்டியதும் அப்படியே பரிமளாவின் கண்முன் நின்றது.

"இல்லீங்க," என்றாள்.

கொழுந்தன் வெள்ளைச்சாமி வாசலில் காத்திருந்தான். "என்ன மதினி சொன்னாரு? கோழி இல்லேன்னா சொல்லுங்க, நாலு பேருக்குத் தெரியப்படுத்திட்டுக் கடையத் தொறந்துருவோம்."

அன்புமொழி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். பதினொன்றாம் வகுப்பில் உயிரியல் படிப்பவள். அந்த வைரஸின் பெயர் காதில் விழுந்தால் போதும், மற்றதை அவளே தேடிப் படித்துவிடுவாள்.

"தெளிவா ஒண்ணும் சொல்லல தம்பி."

கூண்டுகளை மணப்பாறைக்காரர் ஒருவர் ஏற்றிக்கொண்டு போனார். பரிமளா இப்போது நூல் மில்லுக்கு வேனில் போய் வருகிறாள். உடன் வரும் பெண்கள் யாராவது, "கோழியாலதானக்கா அவரு செத்தாரு?" என்று கேட்டால், ஆமாம் என்று தலையசைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறாள்.