தப்பு ரவியின் வாசலுக்குப் போத்தல் வேண்டாம்

நம்ம தப்பு ரவி போய்விட்டான். நேற்று விடியற்காலை, ஆஸ்பத்திரியில்... குடியில் ஈரல் முழுவதும் கெட்டுவிட்டதாம்.

முப்பத்தைந்து கூட ஆகவில்லை.

பொகவந்தலாவைப் பக்கம் திருவிழா பார்த்தவர்களுக்கு அவன் பெயர் தெரியாவிட்டாலும் அந்தத் தப்பு மேளத்தின் அடி தெரியும்.

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் அடுத்த காம்பிரா வீடு அவனுடையது. நடுவில் ஒரு சுவர்தான். காலையில் நான் விளக்கேற்றிப் பாடினால், அந்தப் பக்கம் சுவரில் விரலால் தாளம் போடுவான்.

எனக்குப் பாட்டு யாரும் சொல்லித் தந்ததில்லை, புத்தகம் பார்த்து நானாகப் படித்ததுதான்.

"அக்கா, மெதுவா பாடுங்க. இந்த ஸ்பீட்ல போனா அம்மன் நம்மள விட்டுட்டு ஹட்டன் போய்ச் சேர்ந்துரும்" என்பான்.

"காலங்காத்தால அக்காகிட்ட வாயக் குடுக்காதீங்க" என்று அவன் மனைவி செல்வி அதட்டுவாள். நான் மெதுவாகப் பாடிப் பார்ப்பேன். அவன் சொன்னதுதான் சரியாக இருக்கும்...

ஒரு வருஷம் மாரியம்மன் திருவிழாவுக்குக் கரகம் அலங்கரித்துப் பாலிக்க ஆற்றங்கரைக்குப் போனோம். விடாத மழை. எல்லோருடைய தப்பும் நனைந்து, ஈரச் சாக்கைத் தட்டுவது போலச் சத்தம்.

இவன் மட்டும், செல்வி கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டும் தண்ணீர் புகாத படங்கில் தப்பைச் சுற்றி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தான். கரையில் குடைக்கடியில் நெருப்புக் காட்டித் தோலை முறுக்கிவிட்டு ஓர் அடி அடித்தான்.

கரகம் எடுத்தவருக்கு அப்போதே அருள் வந்துவிட்டது. அம்மன் அந்த அடிக்குத்தான் இறங்கினாள் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

திரும்பி வந்ததும் தப்புக்காரர்களுக்குப் போத்தல் வந்தது. உங்களுக்குத் தெரிந்த வழக்கம்தான். திருவிழாவோ சாவோ, தப்படிக்கிறவர்களுக்குச் சாராயம் கொடுக்காமல் அனுப்பமாட்டார்கள்.

"எனக்கு வேணாம். ஒரு பிளேன்டீ போதும்" என்றான் ரவி.

"குடிக்காத கையில அடி எப்படிடா விழும்?" என்றார் தப்பு செட்டில் மூத்தவர்.

"இவ்வளவு நேரம் விழுந்துச்சே... காது கேக்கலயா மாமா?"

எல்லோரும் சிரித்தோம்.

பிறகு பெயர் வந்தது. டயகமவிலிருந்து நோட்டன் பிரிட்ஜ் வரைக்கும் கூப்பிட்டார்கள். போன இடமெல்லாம் மரியாதை. மரியாதை என்றால் போத்தல்... ஒருநாள் அவனும் வாங்கிக்கொண்டான். அப்புறம் யாரும் கூப்பிடாத நாளிலும் கள்ளச் சாராயம், கசிப்பு.

போன ஆடியில் அம்மன் முன்னால் சத்தியம் பண்ணி நிறுத்தினான். செல்வி அவனுடைய தப்பைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"உங்க வீட்டுலயே இருக்கட்டும்க்கா. தப்பு இல்லன்னா யாரும் வந்து கூப்பிட மாட்டாங்க."

அடுப்புக்கு மேல், விறகு காயவைக்கும் பரணில் ஒளித்து வைத்தேன். இரண்டு நாள் கழித்துச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல்.

"அக்கா, என் தப்ப கொஞ்சம் தள்ளி வைங்க. நேரா சூடு பட்டா தோலு வெடிச்சிரும்."

தெரிந்தே இருந்திருக்கிறான். ஒருநாளும் திருப்பிக் கேட்கவில்லை.

சில மாதங்கள் சுவரில் தாளம் மட்டும். நன்றாகச் சாப்பிட்டான், வேலைக்குப் போனான். பிறகு ஒரு சாவு வீட்டுக்காரர்கள் வேறொரு தப்பைக் கையோடு கொண்டுவந்து அழைத்துப் போனார்கள். அங்கேயும் போத்தல்தான்.

போன வாரம் ஆஸ்பத்திரியில் பார்த்தேன். கண் மஞ்சள். கட்டில் கம்பியில் விரல்கள் தட்டிக்கொண்டே இருந்தன.

"பாருங்கக்கா, தாளம் போடுறாரு" என்றாள் செல்வி.

அவன் தாளம் எனக்குத் தெரியும். அது நடுக்கம்... ஆமாம் என்று தலையாட்டினேன்.

இன்று பின்னேரம் எடுக்கிறார்கள். செல்வியிடம் போன் இல்லை. என் போனில் எழுதிப் போடச் சொன்னாள்.

"யாரு வேணும்னாலும் வாங்க. போத்தல மட்டும் என் வாசல்ல வைக்காதீங்க."

காலையில் ரவியின் செட்டுத் தம்பிகள் வந்து வெளியே தயங்கி நின்றார்கள். "போத்தல் இல்லாம எப்படிங்க்கா? அண்ணன மரியாத இல்லாம அனுப்பிட்டோம்னு தோட்டமே பேசும்" என்றான் குமார்.

"மரியாத பண்ணித்தான இப்படிப் படுக்க வச்சிருக்கீங்க" என்றாள் செல்வி.

குமார் இறங்கிப் போனான். மற்றவர்களும் பின்னால் போய்விட்டார்கள். திரும்பி வருவார்களா, தெரியாது. தப்பில்லாமல் அவன் போகக்கூடாது என்று செல்வி அழுதுகொண்டிருக்கிறாள். போத்தலுக்கும் சம்மதிக்கமாட்டாள்.

குமார் தம்பி, இதைப் பார்த்தால்... இங்கே மழை பிடித்துவிட்டது. உங்கள் தப்பெல்லாம் நனைந்திருக்கும்.

அண்ணனுடைய தப்பு எங்கள் பரணில்தான் இருக்கிறது. அவன் சொன்ன மாதிரி அடுப்புக்குக் கொஞ்சம் தள்ளி. நன்றாகக் காய்ந்திருக்கிறது. வந்து எடுத்துக்கொள்.

போய் வா ரவி. மெதுவாகவே பாடுகிறேன்.