மூன்று மகள்மார், ஒரு வீடு

சமையலறையில் விளக்குமாற்றைத் தரையில் தட்டும் சத்தம் கேட்டது. விறாந்தையில் இருந்த இன்சூரன்ஸ் பையன் என்னிடம், "ஐயா, நாளைக்கே உங்களுக்கு ஏதும் நடந்தா?" என்று கேட்டதை என் மனைவி கேட்டுவிட்டாள்.

எட்டு வயதில் பெரியகல்லாறு என்ற கடலோர ஊரிலும் அந்தச் சத்தம் கேட்டிருக்கிறேன். அப்பா அப்போது இன்சூரன்ஸ் ஏஜென்ட். ஆறு மாதமாக ஒருவரும் சேரவில்லை. அன்றும் ஆள் பிடிக்காவிட்டால் வேலை போய்விடும். பிள்ளையோடு வருபவனை யாரும் அடிக்கமாட்டார்கள் என்று என்னையும் கூட்டிப்போனார். அவருக்கு இருந்த ஒரே இன்சூரன்ஸ் நான்தான்.

ஒரு மீனவரிடம், "கடல்ல உங்களுக்கு ஏதும் நடந்தா?" என்றார். மீனவரின் மனைவி விளக்குமாற்றை எடுத்துத் தரையில் தட்டினாள்.

கூட வந்த யோசேப்பு மாமா, அப்பாவுக்குத் தொழில் பழக்கியவர், பதறாமல் வாங்குப் பலகையில் உட்கார்ந்தார்.

"தங்கச்சி, எத்தின பொம்புளப் புள்ளையள்?"

"மூணு."

"வீடு?"

"இது ஒண்டுதான்."

"எனக்கு நாலு. ரெண்டு வீடுதான் எழும்பியிருக்கு. மிச்சத்த நினைச்சா நித்திர வருகுதில்ல. அதுக்குத்தான் நானும் இதில சேர்ந்தன்."

மகளுக்கு வீடு கட்டாமல் கலியாணம் பேச முடியாத பகுதி எங்களுடையது. விளக்குமாறு மூலைக்குப் போனது, தேத்தண்ணி வந்தது. மீனவர் கையெழுத்து வைத்தார். ஏஜென்ட் பெயர் எழுதும் இடத்தில் மாமா அப்பாவின் பெயரை எழுதினார்.

இப்போது தட்டும் சத்தம் கிட்ட வந்தது.

"தம்பி, எனக்கு எத்தின மகள் எண்டு கேளும்," என்றேன்.

பையன் கேட்டான்.

"ஒண்டு. வீடு அத்திவாரத்தோட நிக்குது," என்று உரக்கச் சொன்னேன்.

உள்ளே, அடுப்பில் தேத்தண்ணிக் கேத்தில் வைக்கும் சத்தம் கேட்டது.